கடைசி பஸ்ஸும் ஒரு பாவாடையும்

"சின்னம்மா... பாவாடை இங்க கீது!"

அமிர்தவல்லி கத்தியது அவ்வளவுதான். சட்டை மடித்துக்கொண்டிருந்த விற்பனையாளன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான்.

"இன்னாங்க?"

கேட்ட பிறகுதான் அவள் கையில் தொங்கிய நீல சாட்டின் பாவாடையைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"உங்கள யாருங்க கூப்பிட்டாங்க?"

"இல்ல... ஒண்ணுமில்ல."

மெட்ராஸில் புதிதாகக் கட்டிய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் முதல் மாடி அது. ரெடிமேட் கடையில் தள்ளுபடி விற்பனை. வடக்கனந்தலிலிருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த அமிர்தவல்லி, பாதி விலை என்ற பலகையைப் பார்த்த பிறகும் அதில் பாதிக்குக் கேட்கும் ஜாதி. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அவள் வருவதைக் கண்டாலே கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

"இது இன்னா விலை? கம்மி பண்ணுங்க."

"ஒரே விலைங்க. போர்டு வச்சிக்கீது பாருங்க."

"போர்டு பேசட்டும். நீங்க கம்மி பண்ணுங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. முதலாளி பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி...

"இது வேணாங்க. பழைய சரக்கு. நாடாவை இழுத்தா பிரிஞ்சிடும். அப்பால மூட்டையில நல்லது கீது... எடுத்தாறன்."

நிமிர்ந்தாள். மழைக்கு முந்தைய மேகம்போலக் கறுத்த, ஈரமான கண்கள் அவனுக்கு. விற்கிறவன் வாங்குகிறவளிடம் உண்மை பேசுவதை அவள் கேட்டதேயில்லை. பேரம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அமிர்தவல்லிக்குப் பேச்சு நின்றதென்றால், வடக்கனந்தலில் யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் படித்தாள். பாபு.

'பாபு... எவ்வளவு அழகா இருக்கு!'

இந்த அழகு விஷயத்தில்தான் அவளுடைய வம்பே. ஆடிக்கு முன்னால் மணலூர்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கரும்பு மேஸ்திரி ராசுவின் ஒரே மகன். படித்தவன், பீடி சிகரெட் கிடையாது. எல்லாம் பொருத்தம். பெயர் மட்டும் பாவாடை. நம் பக்கத்தில் அது சாமி பெயர், தெருவுக்கு ஒரு பாவாடை உண்டு. ஆனால் இவள் டவுனில் பிளஸ் டூ படித்தவளாயிற்றே! "புருஷன் பேரு பாவாடைன்னா, உள்பாவாடையான்னு என் சினேகிதிங்க கேப்பாளுங்க. வேணாம்" என்றுவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் அப்படியே மணலூர்பேட்டை போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் பையன்கள் அதை ராகம் போட்டுப் பாடினார்கள். மாப்பிள்ளை ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்வி.

அப்புறம் கச்சிராப்பாளையத்து மனோகரன் வந்தார். பெயருக்காகவே தலையாட்டினாள். பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜித் தட்டைப் பார்த்த அளவுக்கு அவளைப் பார்க்கவில்லை... அதனாலென்ன, மனோகரன்!

சின்னம்மா சாலம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் கோயில்போலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். மூட்டையோடு வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேரு இன்னா தம்பி? எந்த ஊரு?"

"பாபு. மெட்ராஸ்தாங்க."

"மெட்ராஸ்காரன் எங்க இப்புடி மூட்டைய அவுத்துக் காட்டிக்கினு நிக்கறான்? சும்மா சொல்லு."

"...மணலூர்பேட்டை."

"மணலூர்பேட்டையில ஏதுப்பா பாபு? யாரு வூட்டுப் புள்ள?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "மேஸ்திரி ராசு மவன்."

சாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ராசுக்கு ஒரே புள்ளயாச்சே... அப்ப நீ... அடியே அமிர்தம்!"

அமிர்தம் என்ற பெயர் காதில் விழுந்ததும் அவன் கை மூட்டைமேலேயே உறைந்தது.

"வடக்கனந்தல் ஆதிமூலம் பொண்ணா நீங்க?"

அவள் முகம் சொல்லிவிட்டது.

"பேரை மாத்தியாச்சுங்க" என்றான். சிரித்த கண்களில் இப்போது நெருப்பு. "இப்ப உங்க சினேகிதிங்ககிட்ட சொல்லலாமா?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. கௌரவம் அதைத் தள்ளிவிட்டு முன்னே வந்தது.

"நான் ஒண்ணும் உங்களைத் தேடிக்கினு வரல. பாவாடை வாங்க வந்தேன்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. பக்கத்துப் பெண் சிரித்தாள். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். முதுகு மட்டும் தெரிந்தது... விறைத்த முதுகு.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ரேடியோ அலறியது. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். அதற்காக ஊர் ஊராக ஆள் திரட்டிக்கொண்டிருந்தார் அவள் அப்பா ஆதிமூலம், அதனால்தான் பெண்கள் இருவரும் தனியாக வந்திருந்தார்கள். மறியல் முடிந்த மறுநாள் காலையில் மனோகரனோடு நிச்சயதார்த்தம், இன்றைக்கு விட்டால் துணி எடுக்க வழியில்லை என்று கணக்கு. ஆனால் அவர்கள் ஊர்ப்பக்கம், தென்னாற்காடு போகிற பஸ்களை இருட்டுவதற்கு முன்பே நிறுத்தப்போவதாகச் செய்தி.

"ஐயோ... ஒரு வாரம் இந்த ஊர்ல எங்கடி படுக்கறது?" சாலம்மாள் அழுதேவிட்டாள்.

உள்ளே போனவன் வெளியே வந்தான். அமிர்தவல்லியைப் பார்க்காமல், "யம்மா, வாங்க. செருப்பைப் போடுங்க மொதல்ல" என்றான்.

ஆட்டோவில் மூவர். சடசடவென்று மழை. சாலம்மாள் நடுவில் மலைபோல. அவளைத் தாண்டி அவன் முழங்கை மட்டும் தெரிந்தது, அதில் மழைத்துளிகள். எண்ணெய் வைத்தாற்போல் மின்னின... அமிர்தவல்லி வெளியே பார்ப்பதாக நடித்தாள். 'ஒரு வார்த்தை பேசேன். திட்டியாவது பேசேன்.'

பஸ் ஸ்டாண்டில் கடைசி கள்ளக்குறிச்சி வண்டியை ஊரே மொய்த்துக்கொண்டிருந்தது. அவன் கூட்டத்தில் முட்டி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடித்தான். இருவரையும் உள்ளே தள்ளினான். கட்டைப்பையை நீட்டினான். நிமிரவேயில்லை.

"பத்திரமா போங்கம்மா."

திரும்பி நடந்தான். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வண்டி உறுமியது.

அமிர்தவல்லிக்குக் கணக்கு புரிந்தது. நாளைக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள். திறக்கும்போது அவள் இன்னொருவர் தாம்பூலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். இவன் கோபம் ஆறி, மனம் வந்து, ஊர் வந்து சேரும்போது... எல்லாம் முடிந்திருக்கும். இந்த ஜன்னல் ஒன்றுதான் மிச்சம்.

"பாபு!" என்றாள். திரும்பவில்லை.

 கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, அத்தனை மெட்ராஸும் கேட்க...

"பாவாடை!"

இரண்டு பூக்காரிகள் திரும்பினார்கள். ஒரு போலீஸ்காரர் திரும்பினார். "பாவாடையை விட்டுட்டியாம்மா?" என்று யாரோ கேட்க, பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது மழையில்லை.

"ஏங்க பாவாடை... நில்லுங்க!"

அவன் நின்றான். மெல்லத் திரும்பி ஜன்னலடிக்கு வந்தான்.

"இன்னா?"

"ஏறுங்க."

"ஏறினா ஒரு வாரம் திரும்ப முடியாது. வேலை பூடும். எதுக்கு ஏறணும்? அன்னிக்கு வேணாம்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க. இன்னிக்கும் சத்தமா சொல்லுங்க."

பஸ் சிரிப்பை நிறுத்திக் காதைத் தீட்டியது. சாலம்மாள் முந்தானையைக் கடித்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்தார்.

"அன்னிக்கு உங்களைப் பாக்காம வேணாம்னேன்..." கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "இன்னிக்குப் பாத்துட்டேன். எனக்கு நிச்சயம் வச்சிக்கறாங்க. வந்து நிறுத்துங்க."

"நிறுத்த நான் யாருங்க?"

"மனையில உக்காருங்க. யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

விசில் அடித்தது. வண்டி நகர்ந்தது. ஜன்னலடியில் அவனைக் காணோம். அமிர்தவல்லி கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குப் பக்கத்தில், ஈரச் சட்டை வாசத்தோடு, மூச்சுவாங்கும் ஒரு குரல் சாலம்மாளிடம் கேட்டது.

"அத்த... கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."