இடது கண்ணுக்கு மட்டும்

குளியலறைக்கு வெளியே இருந்த துணி ஸ்டாண்டைக் காணவில்லை.

வலது கண்ணின் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஈரத்துண்டோடு நின்றவர் முதலில் மனைவியைத்தான் திட்டினார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவருக்கு, உலகத்தில் முக்கால்வாசிப் பேர் மக்குகள், மீதிப் பேர் திருடர்கள். மனைவி முதல் ரகம். கண் டாக்டர் இரண்டாவது. "புரை சொட்டு மருந்துல கரையாது சார். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸே மங்கிப்போச்சு. அதை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்" என்று அந்தச் சின்னப்பெண் சொன்னதை வியாபாரப் பேச்சு என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலை வந்த பிறகுதான் ஒரு கண்ணை மட்டும் ஆபரேஷனுக்குக் கொடுத்தார், ஏதோ பிச்சை போடுவது போல.

"ஸ்டாண்டை எங்கடி தூக்கிப் போட்ட?"

"எந்த ஸ்டாண்டு?"

"இங்க, இந்த மூலையில. தினமும் துண்டு போடுவேனே."

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்க எப்பங்க ஸ்டாண்டு இருந்துச்சு? நீங்க துண்டைத் தரையில போட்டுட்டுப் போவீங்க. நான் எடுத்துக் காயப்போடுவேன்."

கிழவிக்கு மூளையும் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். புதுக் கண்ணுக்கு எல்லாமே துல்லியம்: சுண்ணாம்பின் நீலம் கலந்த வெள்ளை, கதவடியின் பாசி, வரிசை கட்டிய எறும்பு. மூலை காலி. அவள் சொன்னதைப் பொய்யாக்குவதற்காகவே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னும் புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தார்.

பழுப்புப் புகை. புகைக்குள், சுவரோரம், ஆள் உயரத்தில், மெலிந்து, கைகளைச் சற்றே விரித்தபடி அது நின்றது.

துண்டின் கனத்தை அது தாங்கிக்கொண்டது விரல்களுக்கு நினைவிருந்தது. இரண்டு வருஷமாக, காலைதோறும். ஒழுங்காக உட்காரட்டும் என்று சில நாள் இழுத்துக்கூட விட்டிருக்கிறார். துண்டுக்கு அடியில் லேசான வெதுவெதுப்பு.

"த்தூ" என்று தன்னையே கடிந்துகொண்டார். பயம் மக்குகளின் நோய்.

மறுநாள் அது கூடத்து வாசலில். அதற்கு மறுநாள் அவர் நாற்காலிக்குப் பின்னால், ஈரத்துணி மக்கிய வாடையோடு. வலது கண் ஒன்றுமில்லை என்றது. மனைவி விளக்குமாற்றோடு அந்த இடத்தைக் கடந்து போனாள். இடது கண்ணுக்கு மட்டும், அது அவளுக்கு வழிவிட்டு நகர்வது தெரிந்தது.

பஞ்சை வைத்து இடது கண்ணை ஒட்டிக்கொண்டார். பார்க்காவிட்டால் அது எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று தெரியாது. பார்க்கவோ துணிவில்லை.

மூன்றாம் வாரம் தானாகவே டாக்டர் முன்னால் போய் நின்றார். "இந்தக் கண்ணையும் எடுத்துடுங்க."

"கண்ணை எடுக்க மாட்டோம் சார், புரையைத்தான்" என்று அவள் சிரித்தாள். அந்த அசட்டுச் சிரிப்பை மன்னித்தார். வாழ்க்கையில் முதல் தடவை. புரை போனால் அதுவும் போய்விடும்.

ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்து, கண் மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். முகத்தைத் துணியால் மூடி, இடது இமைகளை மட்டும் கம்பியால் விலக்கி நிறுத்தினார்கள். இனி மூட முடியாது.

"விளக்கையே பாருங்க சார். தலையை அசைக்கக் கூடாது."

விளக்கு. புகை. டாக்டரின் நிழல். அவள் தோளுக்கு மேல் இன்னொன்று.

வாடை.

"டாக்டர்..."

"பேசாதீங்க சார். கால் மணி நேரம்தான்."

அது குனிந்தது. பாதி விளக்கை மறைத்தது. வெளிச்சம் கலங்கி, உடைந்து, நீராக ஓடியது.

"பழசு வெளிய வந்துடுச்சு" என்றாள் டாக்டர். உருவம் கரைந்தது. அவருக்கு அழுகை முட்டியது.

"புதுசு வைக்கிறேன். அசையாதீங்க."

சுருட்டி நுழைத்த லென்ஸ் உள்ளே மெல்ல விரிந்தது.

விளக்கு தெளியவில்லை. டாக்டரின் முகம் தெளியவில்லை.

அது மட்டும் தெளிந்தது. அவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே. தலைகீழாக. இமைகளே இல்லை. விழிகள் இரண்டும் பால்வெள்ளை. நீண்ட விரலொன்று, குருடன் வழி தேடுவது போல் காற்றைத் துழாவிக்கொண்டு, திறந்தே கிடந்த அவர் கண்ணை நோக்கி இறங்கியது.