மல்லாட்டை மர்மமும் பவானியின் கேள்வியும்

ஜெர்லினுக்கு அந்த விழுப்புரத்துப் பவானி மேல் சந்தேகம். சாதாரணச் சந்தேகம் இல்லை. சோறுகூட இறங்காத அளவுக்குச் சந்தேகம்.

ஜெர்லின் திண்டிவனத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவின் போனில் 'மல்லாட்டை மர்மம்' என்று ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். மாடியில் காயவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒருநாள் மூட்டையோடு காணாமல் போகிறது. துப்பறிகிறவள் ஜெர்லின்தான். கடைசியில், முகத்தில் துண்டு கட்டிய திருடனை விரட்டிப் பிடித்து, துண்டை வெடுக்கென்று இழுக்கிறாள். பார்த்தால், பெரியம்மா மகன் மரிய அருண்!

தெருவே இந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டியது. யார் வீட்டு மாடியில் மல்லாட்டை காய்ந்தாலும் முதல் ஆளாக மோப்பம் பிடிப்பவன் அருண். அதனால் துண்டு விலகியதும், "அருணேதான்! நெனச்சேன்!" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை விழுப்புரத்தில் சிறுவர் படவிழா. எல்லாமே துப்பறியும் படங்கள். விழாவை நடத்தும் கலைப்பிரியா அக்கா ஒரு விதி வைத்திருந்தார். இரண்டிரண்டு பேராகப் படங்களை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது. எது புரியவில்லையோ அதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஜெர்லினின் ஜோடி பவானி. அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"படம் பாத்தேன் ஜெர்லின். கடைசியில துண்ட இழுக்கிற இல்ல? யாரோ ஒரு அண்ணன் நிக்கிறாரு. யாரு அவரு? எனக்குப் புரியல."

ஜெர்லினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரா? திருடன்! இதுகூடவா புரியாது?"

"பொறாமை!" என்றான் அருண். "நல்லா கீதுன்னு சொல்ல அந்தப் பொண்ணுக்கு மனசு வரல. நல்ல சீனா பாத்துக் கெடுக்கப் பாக்குது."

அப்படித்தான் இருக்கும் என்று ஜெர்லினும் முடிவு கட்டினாள். இல்லாவிட்டால், சரியாகக் கைதட்டல் வாங்கிய இடமாகப் பார்த்து ஏன் புரியவில்லை என்கிறாள்?

பிறகு பவானியின் படத்தைப் பார்த்தாள். 'பூட்டிய வீடு'. இருட்டு அறை. திருடன் மெல்ல மெல்ல நடந்து வந்து பீரோவைத் திறக்கிறான். ஜெர்லினுக்கே உடம்பு சிலிர்த்தது. அப்போது பீரோக் கதவு திரும்பியது. அதிலிருந்த கண்ணாடியில், லுங்கி கட்டிய ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்த பவானியின் அப்பா!

ஜெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லப் போறியா?" என்று கேட்டான் அருண்.

"மாட்டேன். அவ என் படத்தக் கெடுக்கப் பாக்கலாம், நான் மட்டும் உதவி பண்ணணுமா? விழாவுல எல்லாரும் சிரிக்கட்டும்."

'எல்லாம் புரிஞ்சுது. சூப்பர்!' என்று பவானிக்கு அனுப்பிவிட்டாள்.

விழா அன்று காலை அருணோடு பஸ் ஏறினாள். அவன் பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டான். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு அம்மா ஜெர்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் கண் போனுக்குப் போனது.

"இன்னா பாப்பா பாத்துக்கினு வர்றே?"

"நான் எடுத்த படம்ங்க. பாக்கறீங்களா?"

அந்த அம்மா ஆசையாகப் பார்த்தார். மூட்டை காணாமல் போனதும், "அடப்பாவி!" என்றார். திருடன் ஓடியதும், "விடாத, புடி!" என்றார். ஜெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. துண்டு விலகியது. படம் முடிந்தது.

அவர் சிரிக்கவில்லை.

"யாரு பாப்பா அந்தப் புள்ள? முன்னாடி எங்கயுமே வர்லியே?"

ஜெர்லினுக்குப் பகீரென்றது. படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஆமாம், கடைசிக் காட்சிக்கு முன்னால் அருண் முகம் எங்குமே இல்லை! தெருக்காரர்களுக்கு அவனைத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் பவானி பொய் சொல்லவில்லை.

லுங்கி கட்டிய அப்பா நினைவுக்கு வந்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தால் பவானி எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்?

மண்டப வாசலில் பவானியைத் தேடிப் பிடித்தாள். பவானி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானே சூப்பர்னு அனுப்புனே? அதான் சொல்லக் கூடாதே! அப்பவே எனக்கு டவுட்டு."

"பவானி, உன் படத்துல பீரோ கண்ணாடியில உங்க அப்பா தெரியறாரு. போனோட."

பவானியின் முகம் வெளுத்தது. "ஐயோ! ஏன் முன்னாடியே சொல்லல?"

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். ஜெர்லின் அப்படிச் சொல்லவில்லை.

"நீ என் படத்தக் கெடுக்கப் பாக்கறேன்னு நெனச்சேன். அதான் வேணும்னே சொல்லல. தப்புதான்."

பவானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இன்னும் நேரம் கீது. ஜல்தி வா," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணாடி வரும் இடத்தைப் போனிலேயே வெட்டினார்கள். அருணின் மல்லாட்டை மோப்பத்தைப் பற்றி ஜெர்லின் சொன்னதும் பவானிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ ஆரம்பத்துலயே அந்த அண்ணன் ஒருவாட்டி வந்துட்டுப் போகட்டுமே!"

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. பவானி போனைப் பிடித்தாள். அருண் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சித்தி, மல்லாட்டை காஞ்சிடுச்சா? ஒரு கை குடுங்க!" என்றான். அதைப் படத்தின் தொடக்கத்தில் ஒட்டினார்கள். விழுப்புரத்துச் சுவர் திண்டிவனத்துச் சுவராகிவிட்டது.

விழா தொடங்கியது. பவானியின் பீரோக் காட்சியில் மண்டபமே மூச்சுவிடவில்லை. அடுத்து ஜெர்லினின் படம். அருண் தலையை நீட்டியதும் யாரோ, "இவன் முழியே சரியில்ல," என்று முணுமுணுத்தார்கள். துண்டு விலகியதும், முன்பின் தெரியாத அத்தனை பேரும் கத்தினார்கள். "அவனேதான்! ஒரு கை கேட்டவன்!"

ஜெர்லின் பவானியைக் கட்டிக்கொண்டாள்.

கலைப்பிரியா அக்கா மைக்கை எடுத்தார். "யாருக்காவது ஏதாவது புரியலியா?"

முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "திருடனப் புடிச்சிட்டீங்க, சரி. மல்லாட்டை மூட்டை எங்கே? அது கெடைக்கவே இல்லியே?"

மண்டபம் 'ஆமாம்ல!' என்றது. ஜெர்லின் பவானியைப் பார்த்தாள். பவானி உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லை.

ஜெர்லின் ஓடிப்போய் மைக்கை வாங்கினாள்.

"உன் பேரு இன்னா பாப்பா? அடுத்த படத்த உனக்குத்தான் மொதல்ல காட்டப் போறேன்!"