ஜெயரூபன் எழுந்து சிரித்த ஷாட்

பதுளையில் கேமரா பழுதுபார்க்கும் ஹபீஸ் நானாவிடம், தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். ஆனால் மாரியாயி கேட்டதுபோல் யாரும் கேட்டதில்லை. செத்துப்போன மகன் ஜெயரூபன் சிரிக்கிற ஒரு ஷாட் அவளுக்கு வேண்டுமாம்.

ஜெயரூபன் 'மூணாம் லயம்' பாட்டுக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவன். அவர்கள் பாட்டு ஓடாத போன் தேயிலைத் தோட்டங்களில் கிடையாது. பாட்டில் பேர் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? படத்தில் இறங்கினார்கள். முதல் படம் ஹாலிஎல மண்டபத்தில் மூன்று நாள் நிறைந்து ஓடியது. இரண்டாவதில் ஜெயரூபன் பிணமாகப் படுக்கும் காட்சியைக் கொஸ்லந்தயில் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பெரகல வளைவில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அவ்வளவுதான், பிள்ளை போய்விட்டான்.

பிணமாக நடித்தவனை உடனே எழுப்பிச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அபசகுனம் கழியட்டும் என்றுதான்.

"எம்புள்ள எந்திரிச்சு சிரிச்சத ஒருக்கா பாத்துட்டா போதுங்க," என்றாள் மாரியாயி.

அன்று எடுத்ததெல்லாம் இருந்த மெமரி கார்டு திருடு போய்விட்டதாகக் குழுத்தலைவன் புவனேந்திரன் அவளிடம் சொல்லியிருந்தான். பாட்டு, இயக்கம், கேமரா எல்லாம் அவன்தான்.

நானாவின் கடையில் வேலை செய்யும் துஷாந்தினி இந்தக் குழுவென்றால் உயிரை விடுவாள். படத்தைத் திருடி விற்கப் பார்க்கும் வெளியாள் வேலை இது என்று அடித்துச் சொன்னாள்.

மாரியாயியையும் கூட்டிக்கொண்டு இருவரும் ஹாலிஎலவில் குழு ஒத்திகை பார்க்கும் அறைக்குப் போனார்கள். கேமராப் பையில் நான்கு கார்டுகள் பத்திரமாக இருந்தன; எதிலும் பேர் எழுதவில்லை. கொஸ்லந்தயில் அன்று படப்பிடிப்பு முடிந்து வேனுக்குள் எடுத்து, குழு வெளியிட்டிருந்த போட்டோவைத் துஷாந்தினி தன் போனில் காட்டினாள். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஜெயரூபன் கழுத்தில் மாலை, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. அதன் பிறகு கொஸ்லந்தப் பக்கமே போகவில்லை என்று அங்கிருந்த புவனேந்திரன் சொன்னான்.

"வெளியாளுன்னா பையோட தூக்கியிருப்பான் தம்பி," என்றார் நானா. "எல்லாக் கார்டும் ஒரே மாதிரி இருக்கு. எதுல எது இருக்குன்னு படம் எடுத்தவனுக்குத்தான் தெரியும். சிரிக்கிறதுக்கு எந்திரிக்கிறவன் மொதல்ல தாடைக்கட்ட அவுத்திருப்பான். வேன்ல ஏறின பொறகும் அது அப்படியே இருக்கு. அந்த ஷாட்ட நீங்க எடுக்கவே இல்ல."

புவனேந்திரன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"மழ கொட்டுச்சும்மா. இன்னொரு நாள் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். அவன நாந்தான் கொன்னுட்டேன்."

துஷாந்தினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாரியாயி கார்டில் இருப்பதைப் போடச் சொன்னாள். பிணமாகக் கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள், வேண்டாம் என்று புவனேந்திரன் கெஞ்சினான். நானா தயங்கி, கடைசியில் கணினியில் போட்டார்.

திரையில் ஜெயரூபன் கண் மூடிக் கிடந்தான். மாரியாயி கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். அவன் நெஞ்சின்மேல் கிடந்த மாலை லேசாக ஏறி இறங்கியது.

"மூச்சு விடுறான்," என்றாள். "இன்னொருக்கா போடுங்க."