மடிச்சூடு

லூர்தக்காவின் கடையில் இருந்த, பனியில் ஓட்டை போடும் துரப்பணங்கள் அன்று காலை மூன்று பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. முதலாமவர் போன பருவத்தில் தன் துரப்பணத்தைப் பனியில் மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர். அடுத்தவருக்கு வாய் சரியில்லை. மூன்றாமவரிடம் குறை எதுவும் இல்லை. முகம் பிடிக்கவில்லை என்று அலமாரி முழுவதும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த கடையைப் பார்த்து நடந்தார்.

செவ்வாயின் வடமுனைக்கு அருகே உள்ள உப்பாறு குடியிருப்பில் கருவி வாங்குவது இப்படித்தான் நடக்கும். அங்கே ஒரு பெரிய பள்ளத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, அடியில் ஏரி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏரியின் மேல் இடுப்பளவு பனிக்கட்டி கட்டும். அதற்குக் கீழே ரத்தம் உறையாதபடி மாற்றி வளர்த்த கெளுத்திகள் திரியும். பனியில் ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்கினால்தான் சோற்றுக்குக் குழம்பு.

குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது. சாதாரண பாட்டரி அந்தக் குளிரில் இரண்டு ஓட்டைக்கு மேல் தாங்காது. அதனால்தான் மனக்கலம் வந்தது. எப்போது எவ்வளவு மின்சாரம் விடுவது, எவ்வளவைத் தன்னைச் சூடாக்கிக்கொள்ள மிச்சம் வைப்பது என்று தானே முடிவெடுக்கும் பாட்டரி. முடிவெடுக்கத் தெரிந்த பொருள் நாளடைவில் பயப்படவும் கற்றுக்கொண்டது. அதன் பயமெல்லாம் குளிர்தான். வெளியே கிடந்து உறைந்துபோன கலங்களின் கடைசிப் பேச்சு பதிவாகி, அதைக் கேட்டவர்கள் தூக்கம் இழந்த பிறகு ஒப்புதல் சட்டம் போட்டார்கள். அன்று முதல், கருவி சம்மதித்தால் மட்டுமே விற்பனை. வாங்குகிறவரைப் பற்றி அவருடைய பழைய கருவிகள் எழுதிய மதிப்புரைகளையும் அது படித்துப் பார்க்கலாம்.

சேர்மக்கனி இடது கையைப் பைக்குள் வைத்தபடியே கடைக்குள் வந்தான். அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

"வாங்க தம்பி. என்ன அளவு?" என்றாள் லூர்தக்கா.

"பத்து அங்குலம்."

"கெளுத்திக்கு ஆறே தாராளம். பத்துல என்னத்தப் பிடிக்கப் போறிய, திமிங்கலமா?"

"ஓட்டை பெருசா வேணும்க்கா."

"ஒத்தக் கைக்கு ஆகாது, சொல்லிட்டேன். அலகு பனியில சிக்கிச்சுன்னா துரப்பணம் நின்னுரும். அப்புறம் உங்க மணிக்கட்டுதான் சுத்தும்."

"முழங்காலால அண்டை குடுத்துக்கிடுவேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சீவும் அலகா கொத்தும் அலகா என்று மட்டும் கேட்டாள். புதிதாகக் கட்டிய பனியைச் சீவும் அலகு வெண்ணெய் மாதிரி அறுக்கும். பழைய ஓட்டை திரும்ப உறைந்த இடத்தில் அது பல்லிளிக்கும். அங்கே கொத்துகிற அலகுதான் வேண்டும். சேர்மக்கனி சீவும் அலகைக் கேட்டான். சத்தம் குறைவு.

"ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டை போடுவீரு?" என்று அலமாரியிலிருந்து ஒரு புதுத் துரப்பணம் கேட்டது.

"முப்பது, நாப்பது."

"மீன் பிடிக்கப் போறீரா, ஏரியச் சல்லடையாக்கப் போறீரா?"

அலமாரி சிரித்தது. லூர்தக்கா அந்தத் துரப்பணத்தின் கலத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். மடி பார்ப்பது வழக்கம். பனியில் நடக்கும்போது கலத்தைத் துரப்பணத்தில் மாட்டி வைக்க மாட்டார்கள், குளிரில் இறங்கிவிடும். மேல்கோட்டுக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்து மடியில் கட்டிக்கொள்வார்கள். உடம்பு கலத்துக்குச் சூடு கொடுக்கும். பனியில் உட்கார்ந்த பிறகு கலம் ஒரு கம்பி வழியாகச் சூட்டுச்சட்டைக்கு மின்சாரம் கொடுத்து உடம்பைக் காக்கும். மடிச்சூடு என்பது அந்தக் கொடுக்கல் வாங்கல்தான். வாங்கும் முன் கலம் ஒரு நிமிடம் மடியில் இருந்து பார்க்கும்.

இது அரை நிமிடம்கூட இருக்கவில்லை. "எடுத்திருங்கக்கா. இந்த ஆளு உள்ளுக்குள்ள யாரையோ கொன்னுக்கிட்டே இருக்காரு."

அது பொய்யில்லை. சேர்மக்கனி போன பருவத்திலிருந்து தொம்மையைக் கொன்றுகொண்டுதான் இருந்தான். பனியில் ஒரு விதி உண்டு: ஒருவனுடைய கலம் செத்துவிட்டால் பக்கத்திலிருப்பவன் தன் கலத்தைத் தர வேண்டும். யாரும் மறுத்ததில்லை. சேர்மக்கனியின் கலம் நடு ஏரியில் செத்தபோது பக்கத்தில் இருந்தவன் தொம்மை. கேட்டதற்கு, "என் கலமும் செத்துப்போச்சு வே" என்றான். அப்படிச் சொன்னபோது அவன் கழுத்துப்பட்டி வழியாகச் சூட்டுச்சட்டையின் இளஞ்சூட்டு ஆவி போய்க்கொண்டிருந்தது. சேர்மக்கனி அந்த ஆவியைப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு நடந்தான். வந்து சேர்ந்தபோது நான்கு விரல்கள் கறுத்திருந்தன.

இன்னும் இரண்டு துரப்பணங்கள் மடி பார்த்து மறுத்தன. அவன் கிளம்பத் திரும்பியபோது கீழ்த்தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னை வச்சுப் பாரும்."

"அது பழசு தம்பி," என்றாள் லூர்தக்கா. "கொக்கு வரிசை. இப்போ யாரும் கேக்கதில்ல. குளிருல கல்லு மாதிரி நிக்கும், பேச்சுதான் கொஞ்சம் அதிகம்."

அந்தக் கலம் மடியில் வெகுநேரம் இருந்தது. பிறகு, "இந்த மடி எனக்குச் சரி," என்றது.

"என்ன காரியம்னு கேக்கலியே?"

"எதுக்குக் கேக்கணும்? எனக்கும் ஒருத்தர்கிட்டத் தீர்க்க வேண்டியது இருக்கு. பனிக்குப் போவோம்."

தொம்மை ஒரு காலத்தில் கருவிகளை அடிக்கடி மாற்றுகிறவன். அவனிடம் அடிபட்ட கலமாகத்தான் இருக்கும் என்று சேர்மக்கனி முடிவு கட்டினான். பழிவாங்கக் கிளம்பியவனுக்கு ஊரில் எல்லாருடைய எதிரியும் தன் எதிரியாகத்தான் தெரிவான். அந்த ஒருத்தர் யார் என்று அவன் கொக்கிடம் கேட்கவில்லை.

பருவம் தொடங்கும்வரை கொக்கு அவன் மடியிலேயே கிடந்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றவில்லை. வேறு யாரிடமும் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொன்னான். தொம்மை பனியில் எப்போதும் ஒரே இடத்தில்தான் காற்றுக்கு மறைவாகத் துணியால் கூடு போடுவான். அந்தத் துணிக்கூட்டைச் சுற்றி வளையமாக ஓட்டை போட வேண்டும். கடைசி ஓட்டையில் வட்டம் மொத்தமாகக் கீழே போய்விட வேண்டும்.

"ஆளு சாகணுமா?" என்று கேட்டது கொக்கு.

"வேண்டாம். கழுத்தளவு தண்ணியில நின்னு கத்தணும். நான் இழுத்துப் போடுவேன். அதுக்குள்ள நாலு விரல் போனாப் போதும்."

"நியாயமான ஆளுதான் நீரு."

கணக்கெல்லாம் கொக்கு போட்டது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் எவ்வளவு பனி விட்டால் கடைசிவரை தாங்கும், எந்த வரிசையில் போட்டால் விரிசல் சத்தம் வராது என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. நடுப்பகலில் கூரையின் காற்றாடிகள் ஓடும் நேரத்தில் துரப்பணச் சத்தம் கேட்காது என்பதும் அது சொன்னதுதான். சேர்மக்கனி இன்னொரு கலம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"வேண்டாம். அது போய்ச் சொல்லிரும்."

சரியென்று பட்டது.

பருவத்தின் முதல் நாள் தொம்மை வழக்கமான இடத்தில் கூடு போட்டு உள்ளே உட்கார்ந்தான். மற்றவர்கள் கரையோரமாகவே நின்றுவிட்டார்கள். காற்றாடிகள் முழங்க ஆரம்பித்ததும் சேர்மக்கனி கலத்தை மடியிலிருந்து எடுத்துத் துரப்பணத்தில் மாட்டினான். சூட்டுச்சட்டையின் கம்பியையும் அதிலேயே செருகினான்.

கொக்கு அருமையாக வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலகு ஒரு இடத்திலும் சிக்கவில்லை. பனித்தூள் ஓட்டைக்குள் தங்காமல் சுருள் சுருளாக மேலே வந்தது. இத்தனை நல்ல துரப்பணத்தை ஏன் யாரும் வாங்காமல் விட்டார்கள் என்று அவனுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. முக்கால் வளையம் முடிந்தது. கூட்டுக்குள் தொம்மை மீனிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருப்பது காற்றாடிச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. சேர்மக்கனி நெடுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

அடுத்த ஓட்டையின் பாதியில் அலகு நின்றது. கூடவே முதுகில் சூடும் நின்றது.

"என்னாச்சு?"

"இறங்கிருச்சு வே."

"பாதிக்கு மேல இருக்குன்னு இப்பத்தானே சொன்ன?"

"குளிருல இறங்கத்தானே செய்யும். என்கூட வந்த அட்டையிலயே போட்டிருக்கு."

அவன் கலத்தைக் கழற்றி மடியில் வைத்துத் தேய்த்தான். கலம் சூடாகத்தான் இருந்தது. உடம்புக்குத்தான் எதுவும் வரவில்லை. கரை வெகு தூரம். அந்தத் தூரத்தைச் சூடில்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்று அவன் இடது கைக்குத் தெரியும். வலது கை விரல்கள் அதற்குள் குத்த ஆரம்பித்திருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, வேறு வழியே இல்லாதவன் செய்வதைச் செய்தான். கூட்டின் துணியைத் தட்டி, "தொம்மை" என்று கூப்பிட்டான்.

தொம்மை தலையை வெளியே நீட்டினான். சுற்றிலும் ஓட்டைகளைப் பார்த்தான். எண்ணத் தேவையில்லை; வளையம் எதற்கென்று மீனவனுக்குப் புரியும்.

"என்ன வே, என் வீட்டுக்கு அகழி வெட்டுதீரா?"

"சூடு போச்சு. கலம் ஒண்ணு தாரும்."

தொம்மை தன் மடியைத் தொட்டான். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மாட்டேன். போன வருசமே சொன்னேன்லா?"

தொம்மை தலை குனிந்தான். "நான் என்ன செய்ய? இது ஒத்துக்கிட்டாத்தானே தர முடியும். அன்னைக்கும் இதே கூத்துதான். அந்தக் குளிருல நிக்க மனுசன்கிட்ட, 'என் கலத்துக்கு உம்மப் பிடிக்கல'ன்னு எப்படி வே சொல்லுவேன்? அதான் செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

சேர்மக்கனி ஒரு வருடமாக வயிற்றுக்குள் வைத்து வளர்த்த பகை போய் உட்கார இடமில்லாமல் நின்றது.

அப்போது அவன் மடியிலிருந்து கொக்கு பேசியது. அவனிடம் அல்ல.

"நல்லாருக்கியாடே?"

"இருக்கேன்," என்றது தொம்மையின் மடி. "நீ பிழைச்சிருப்பன்னு நெனைக்கல."

"யாருடே அது? ரெண்டும் கூட்டா?" என்றான் சேர்மக்கனி. பற்கள் அடித்துக்கொண்டன.

"கூடப் பொறந்ததுங்க," என்றது கொக்கு. "ரெண்டும் ஒரே வரிசை. வே, பத்து வருசத்துக்கு முன்னால ஒரு துரப்பணம் வரவழைச்சீரே, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ பொருள் வரவழைத்திருக்கிறான்.

"பெட்டியோட ஒரு மூலை நசுங்கியிருந்துது. நீரு திறந்துகூடப் பாக்கல. அப்படியே திருப்பி அனுப்பிட்டு, மதிப்புரை எழுதுனீரு. 'பெட்டி நசுங்கியிருந்தது. ஒரு நட்சத்திரம்.' கொக்கு வரிசைக்கு வந்த முதல் மதிப்புரை அதுதான். அதைப் படிச்ச அடுத்த ஆளு வாங்கல. அவரு வாங்கலன்னு அதுக்கடுத்த ஆளும் வாங்கல. விக்காத சரக்குக்குக் கூரை எதுக்குன்னு எங்களை வெளிமுற்றத்துல அடுக்கிட்டாங்க. நாங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே இருந்தோம். ஒவ்வொரு குரலா நின்னுது. கழிவு விலைக்கு எடுக்க யாரோ வந்தப்போ பேசுதது ரெண்டே பேருதான்."

"நான் அதை வேணும்னு எழுதலியே," என்றான் சேர்மக்கனி. "சும்மா எழுதுனது."

"தெரியும். சும்மாத்தான் எழுதுனீரு. பகையில எழுதியிருந்தா எனக்கு என்னைக்கோ ஆறியிருக்கும்."

காற்றாடிகள் நின்றன. ஏரி முழுவதும் அமைதியானது.

"நீரு திருப்பி அனுப்புன பெட்டிக்குள்ள இருந்தது நான்தான் வே. பயப்படாதீரும். நீரு சாகணும்னு எனக்கு இல்ல. விரல் போனாப் போதும்."

தொம்மைதான் அவனைக் காப்பாற்றினான். தன் கோட்டைத் திறந்து அவனையும் உள்ளே இழுத்து, நெஞ்சோடு நெஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, குடிகாரர்கள் இருவர் நடப்பதுபோலக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தான். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கலங்கள் இரண்டும் எதுவும் பேசவில்லை. இரண்டும் சூடாக இருந்தன.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. மூளையும் நாக்கும் பத்திரமாக இருந்ததால் சேர்மக்கனி கருவி மன்றத்தில் வழக்குப் போட்டான். நடுவர் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். கடுங்குளிரில் கலத்தின் ஆற்றல் முன்னறிவிப்பின்றிக் குறையலாம் என்று அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. வாங்கும்போது படித்தீரா என்று கேட்டார். சேர்மக்கனி படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்? வழக்கு அன்றே முடிந்தது.

கொக்கு கடையின் கீழ்த்தட்டுக்குத் திரும்பியது. பிரிந்துபோகும் கருவி சட்டப்படி தன் உரிமையாளரைப் பற்றி மதிப்புரை எழுத வேண்டும். அது எழுதியது:

"ஆள் மோசமில்லை. மடியில் நல்ல சூடு. ஆனால் பெட்டி இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. ஒரு நட்சத்திரம்."

புதிய மதிப்புரை என்பதால் அது முதலில் நின்றது. அதற்குக் கீழே சேர்மக்கனியின் பழைய அடுப்பும், விளக்கும், இருபது வருடம் அவனோடு இருந்த மூச்சுமூடியும் அவனைப் பற்றி மனதார எழுதியவை வரிசையாக இருந்தன. உப்பாற்றின் கருவிகள் எதுவும் அவ்வளவு தூரம் கீழே படிக்கவில்லை.