வெட்டியெறிந்த துண்டு

வீடியோ முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.

சித்தாள் தலையில் செங்கல்லோடு சாரத்துப் பலகையில் ஏறுவாள், உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பாள், திரை கறுத்துவிடும். அப்படித்தான் அவன் வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, 'உழைப்புக்கு வணக்கம்' என்று தலைப்பும் வைத்துக் காலையில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாக எவனெவனோ எழுதியிருந்தான். அதைப் படித்தே வயிறு நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது கூட்டாளி போன் பண்ணினான்.

"மாப்ள, பட்டையக் கிளப்பிட்ட. கடைசியில அந்தம்மா ஒரு வீட்டுப் படிக்கட்டுல ஏறுதே, அது எங்கடா எடுத்த?"

"படிக்கட்டா? பலகையோட முடிச்சிட்டேனே."

"எடுத்தவனுக்கே தெரியலையா? போய்ப் பாருடா வெண்ணெய்."

பார்த்தான். இசை ஓய்ந்து, திரை கறுத்து, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டது. பாரம் சுமக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. செங்கல்லோடு செங்கல் உரசுகிற சத்தம். அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். அவன் கையால் வெட்டியெறிந்த துண்டில் இருந்தது அது.

அவன் கேமராவில் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான்தான். ஒரு அழுத்து பிசகினால் எல்லாம் தலைகீழ். ஓடுகிறது என்று நினைக்கும்போது நின்றிருக்கும், நிறுத்திவிட்டோம் என்று தொங்கவிடும்போது ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கொதிக்கிற வெயிலில் அவளை நடை நடையாய் ஏறவிட்டு, நிழலில் நின்று பார்த்தால், பதிவாகியிருந்தது அவனுடைய செருப்பும் மணலும்தான். சொன்னால் மேஸ்திரி சிரிப்பான். அதனால் பழியை அவள் தலையில் வைத்தான், செங்கல்லுக்கு மேலே.

"முகத்துல கஷ்டமே தெரியலக்கா. இன்னொரு நடை போங்க."

"இதுக்கு மேல கஷ்டம் காட்டணும்னா நான் செத்துதான் தம்பி காட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். உச்சியில் திரும்பிப் பார்த்தாள். அடுத்த காலைப் பலகை இல்லாத இடத்தில் வைத்தாள். முதலில் செங்கல் விழுந்தது, பிறகு ஈரச் சாக்கு விழுந்த மாதிரி ஒரு சத்தம். தலைசுற்றி விழுந்து செத்துவிட்டாள் என்றான் மேஸ்திரி. இவனும் தலையாட்டினான்.

இப்போது திரையில் வெளிச்சம் வந்தது. பூசாத சுவர். சிமெண்டுப் படிகள். திருப்பத்தில் ஒரு நீல வாளி.

அந்த வாளியை நேற்று அங்கே வைத்தவன் அவன்தான்.

இது அவன் வீட்டுப் படிக்கட்டு. மேல்தளம் பாதியில் நிற்கிறது, இன்னும் கைப்பிடிச் சுவர் எழுப்பவில்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்று, காயப்போட்ட துணியை எடுக்க அவன் பெண்டாட்டி மேலே போயிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு. போய் எவ்வளவு நேரம்? வந்த பாராட்டையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவன் கவனிக்கவில்லை.

ஓடினான். படியெல்லாம் செங்கல் தூள், புதுசாக. வேர்வையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். கழுத்தில் என்னவோ இடித்தது. கேமரா. எப்போது மாட்டினான்?

மொட்டைமாடியில் பெண்டாட்டி விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டி, அதன்மேல் செங்கல் அடுக்கியிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏய், என்னடி பண்ற? இறக்கு அத!"

"நீங்கதானே போ போன்னு விரட்டுறீங்க," என்றாள் மூச்சு வாங்க. "சரியா வரல, சரியா வரலன்னு. ஏறி ஏறி இடுப்பே விட்டுப்போச்சு. இப்பவாவது முகம் நல்லா இருக்காங்க?"

பாய்ந்து பிடிக்க நினைத்தான். கால் வரவில்லை.

கைதான் வந்தது.

வலது கை கேமராவைத் தூக்கியது. இடது கை லென்ஸைத் திருகியது. பொத்தானை யார் அழுத்தியது? சிவப்புப் புள்ளி எரிந்தது. திரையில் அவள் நெற்றி வேர்வை முத்து முத்தாகத் துலங்கியது. ஒளி அருமையாக இருந்தது. அப்படி நினைத்தான். அதையும் நினைத்தான்.

முகம் கிடைத்தால் கேமரா அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் போடும். அவள் முகத்தில் போட்டது.

கட்டம் நகர்ந்தது.

அவளைத் தாண்டி. விளிம்பைத் தாண்டி. வெறும் மேகத்தின்மேல், ஓர் ஆள் உயரத்தில் போய் நின்றது.

அவள் திரும்பினாள். அந்த வெறுமையைப் பார்த்து, கூப்பிட்டவருக்கு மரியாதை கொடுப்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். செங்கல் ஒன்று நழுவி விளிம்புக்கு அப்பால் போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு கையை எடுத்து முன்னால் நீட்டினாள்.

அவன் விரல்கள் லென்ஸை இன்னும் ஒரு நூல் திருகின.

அவள் மணிக்கட்டைச் சுற்றி, செங்கல் தூளில் ஐந்து விரல் தடம், ஒவ்வொன்றாக, சிவப்பாக, மிகத் துல்லியமாகப் பதிந்துகொண்டிருந்தது.