ஒரு எண் கூடுதல்

மூன்றாவது கோளுக்கு இரண்டு நிலாக்கள் இருக்க வேண்டும். திரையில் ஒன்றுதான் இருந்தது.

மழை மதியம். வீட்டுக்குள் கட்டிய கொடியில் காயாத துணிகளின் வாடையும், மின்விசிறியின் கடகடப்பும், அடுத்த அறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதும் பென்சில் சரசரப்புமாக இருந்த அந்த நேரத்தில், விண்வெளி விளையாட்டுக்கு நிரல் எழுதும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடிக்கணக்கான சூரியன்களை யார் உட்கார்ந்து வரைவது? ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் போதும்; கணினி அதிலிருந்து வரிசையாக எண்களைப் பிறப்பித்து, முதல் எண்ணுக்குச் சூரியன், அடுத்ததற்குக் கோள், அதற்கடுத்ததற்கு நிலா என்று கட்டிக்கொண்டே போகும். அதே விதை என்றால் அதே உலகம், எத்தனை தடவை போனாலும். இந்தச் சூரியனுக்கு அவள் வைத்த விதை, ஏழு வயது சிட்டு பிறந்த தேதி. பெற்ற பாசம், வேறென்ன!

குழுத் தலைவரைப் போனில் பிடித்தாள்.

“காலையில தூசிப்படலத்துக்குன்னு ஒரு வரி சேத்தீங்கல்ல மேடம்? அது நடுவுல புகுந்து ஒரு எண்ணை எடுத்துக்கிச்சு. பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு படி தள்ளிப் போச்சு. வரியைத் தூக்கிடுங்க, பழையபடி வந்துடும்.”

“ஆடுறவங்க அங்க கட்டினது, தோண்டினதெல்லாம்?”

“அது விதையில ஏது? தனியா சேமிச்சிருந்தாத்தான். பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான் வரும்.”

போனை வைத்தாள்.

“அம்மா, இந்தக் கணக்கு சரியா?” சிட்டு நோட்டோடு வந்து நின்றாள். பென்சில் இடது கையில் இருந்தது.

சிட்டு வலது கையால் எழுதுபவள். புருவத்தின் மேல் இருந்த மச்சத்தைக் காணோம். அது காதோரம் தள்ளி இருந்தது. கண்கள் பழுப்பல்ல, சாம்பல்.

“ஏம்மா அப்படிப் பாக்கறே?” குரல் மட்டும் சிட்டுவுடையது.

“ஒண்ணுமில்லடி செல்லம். போய் எழுது.”

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கே சொல்பவள் பதறினாள். தலைவர் சொன்னதில் பாதிதான் மண்டையில் நின்றது. அந்த வரியை அழித்தாள். ஓடவிட்டாள். சூரியன் வந்தது. கோள்கள் வந்தன. மூன்றாவதற்கு இரண்டு நிலாக்கள். அப்பாடா!

பென்சில் சத்தம் நின்றிருந்தது.

“சிட்டு?”

எழுந்தாள். அடுத்த அறைக்கு ஓடினாள்.

நாற்காலியில் சிட்டு. மச்சம் புருவத்தின் மேல். பழுப்புக் கண்கள். “என் தங்கமே!” என்று வாரி அணைத்தாள்.

தலை நிற்கவில்லை. பின்னால் சரிந்தது.

முழங்காலில் சைக்கிள் தழும்பு இல்லை. தோளில் ஊசி வடு இல்லை. பாதங்கள் தரையையே மிதிக்காதவை போல மெத்தென்று இருந்தன. பழுப்புக் கண்கள் அவள் முகத்தில் நிற்காமல் வழுக்கின.

ஏழு வயது வாய் திறந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை.

வீல் என்று, பிரசவ அறையில் கேட்ட அதே முதல் அழுகை.