நாலு லோடு ருசி

ஸ்டேஷன் போன் அலறியது.

"மேடம்... இண்டூர் திராட்சைத் தோட்டத்துல ஒரு ஆளு குப்புறக் கெடக்கறாருங்க!"

அடுத்த நிமிடம் இன்ஸ்பெக்டர் கோகிலவாணியின் ஜீப் பறந்தது.

கொடிகளுக்கு நடுவே... பிணம்!

குனிந்து பார்த்தாள். பிணம் தும்மியது.

"யோவ்!" இரண்டடி பின்னால் துள்ளினாள்.

மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்த தோட்டக்காரர் சவரி எழுந்து உட்கார்ந்தார்.

"பூசைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள திருடிட்டாங்க மேடம்!"

"நகையா?"

"மண்ணுங்க! நாலு லோடு!"

கோகிலவாணிக்குச் சிரிப்பு முட்டியது. போலீஸ் உத்தியோகத்தில் இதுதான் கஷ்டம்!

"வெள்ளை ஒயினுக்கு எம்பழத்தை எடுக்கறதா, நிறுத்தறதான்னு சொல்லக் கம்பெனி மேடம் இன்னிக்கு வர்றாங்க. இந்தப் பள்ளத்தைப் பாத்தா... அவ்வளவுதாங்க! எட்டு வருசப் பாடு!"

சிரிப்பு அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

திருடன் மகா புத்திசாலி! டிப்பரிலிருந்து கறுப்பு மண்ணை வழிநெடுகச் சிந்திக்கொண்டே போயிருந்தான். கோடு அதியமான்கோட்டை மாதப்பன் தோட்டத்தில் போய் நின்றது. அவரும் அதே கம்பெனிக்குத் திராட்சை போடுகிறவர்தான்.

"ஏங்க திருடுனீங்க?"

"வெள்ளை ஒயினுக்கு ருசியே மண்ணுலதான்னு கம்பெனி மீட்டிங்ல சொன்னாங்க மேடம். ஏரி வண்டல் அடிக்கிற மாதிரி அடிச்சுட்டா, சவரி ருசி எனக்கும் வந்துரும்னு..."

அவரையும் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினால்... கம்பெனி நிர்மலா பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்! எதிரே சவரி, கைகட்டி.

"மேல இருந்த கறுப்பு மண்ணை யார் போட்டது?"

"நாந்தாங்க... ரெண்டு வருசம் முன்னால. ஏரி வண்டல். கொடி கொழுகொழுன்னு வரட்டும்னு..."

"அதாங்க கெடுத்துச்சு! அடியில இருக்கற சரளையில வேர் தண்ணி தேடி அல்லாடணும். அப்பத்தான் பழம் சிறுத்து, புளிப்பு கொறையாம நின்னு, ஒயின் எலுமிச்சைத் தோல் மாதிரி சுள்ளுன்னு இருக்கும். வண்டல்ல சொகுசா வளந்து ரெண்டு வருசமா சப்புன்னு போச்சு! நிறுத்திடலாம்னுதான் வந்தேன்..."

ஒரு கை சரளையை அள்ளிக் காட்டிச் சிரித்தாள்.

"இனி நிறுத்தமாட்டேன்!"

மாதப்பனுக்கு வியர்த்தது. "அப்ப... நான் அள்ளுனது?"

சவரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டர் மேடம், கேஸ் வேண்டாங்க! கெழக்கு மூலையில இன்னும் ரெண்டு லோடு கெடக்கு. டிப்பரோட எப்ப வர்றார்னு மட்டும் எழுதி வாங்கிக்குங்க!"